கடலைப் பார்த்து நான் பொருத்திய விளக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் பத்தொன்பது ஆண்டுகளாக மின்வேலை செய்து வருகிறேன். வீடுகள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், ஐஸ் கம்பெனிகள், மீன் ஏலக் கொட்டகைகள் என்று பலவற்றுக்கும் வயரிங் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளாக எனக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி கடலோர விடுதிகளுடையது. பாம்பன் தீவின் தென்கரையில், இங்குள்ளவர்கள் ஆண் கடல் என்று அழைக்கும் மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு விடுதியின் உரிமையாளர், இரவிலும் அலை தெரிய வேண்டும் என்று கேட்டார். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் 200 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் இரண்டைக் கடல் பக்கமாகத் திருப்பிப் பொருத்தினேன். அன்று மாலை சுவிட்சைப் போட்டதும் அலையின் நுரை பால்போலத் தெரிந்தது. மாடியில் நின்ற விருந்தினர்கள் கைதட்டினார்கள். அது மார்கழி மாதம். வேலை நன்றாக வந்திருக்கிறது என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

பங்குனி பிறந்த சில நாட்களில், விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் பக்கத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் வீட்டுக்கு மீட்டர் பெட்டி மாற்றிக் கொடுத்த பழக்கத்தில் என் எண்ணை வைத்திருந்தார். "தம்பி, நீ போட்ட லைட்டை வந்து அமத்து. ஆமைக்குஞ்சு பூராவும் சுவத்தடியில வந்து கெடக்கு" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் குரலில் இருந்த பதற்றத்துக்காகவே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தபோது சுற்றுச்சுவரின் அடியில், மாடி விளக்கின் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்த இடத்தில், தீப்பெட்டி அளவுள்ள கருஞ்சாம்பல் நிறக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக முட்டிக்கொண்டிருந்தன. சில துடுப்பை அசைத்துச் சுவரில் ஏறப் பார்த்தன. மழைநீர் ஓடும் சிறு வாய்க்காலில் விழுந்தவை மல்லாந்து கிடந்தன. அவற்றின் கண்ணோரத்தில் எறும்பு மொய்த்திருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். கண்ணிமைகளில் மணல் ஒட்டியிருந்தது. என் உள்ளங்கையைத் தண்ணீர் என்று எண்ணியதுபோல் அது இடைவிடாமல் துழாவிக்கொண்டே இருந்தது. எடையே தெரியவில்லை, அதன் துடிப்பு மட்டுமே விரலில் தெரிந்தது.

அக்கா என்னை மணலுக்கு அழைத்துப்போய்த் தடங்களைக் காட்டினார். அடப்பங்கொடி படர்ந்த மேட்டுக்குக் கீழே ஒரு சிறு பள்ளம் இருந்தது. குஞ்சுகள் வெளியேறிய கூடு அது. வழக்கமாக அந்தப் பள்ளத்திலிருந்து தடங்கள் கடலை நோக்கி விசிறிபோல விரியும். அன்று விசிறி ஊர்ப்பக்கமாக விரிந்திருந்தது. சில தடங்கள் கடலை நோக்கிப் பத்தடி போய், வளைந்து, தங்களையே சுற்றிச் சுற்றி, சிக்கெடுக்காத தூண்டில் நரம்பைப்போல் பின்னிக் கிடந்தன. அவற்றின் ஊடே நண்டுத் தடமும் நாய்க்கால் தடமும் இருந்தன. "இம்புட்டுக் காலத்துல இப்படிப் பாத்ததில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

உடனே மாடிக்கு ஓடி, மின் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கினேன். கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் பிடித்தது. அதன்பின்தான் கடல் தனக்கென்று ஒரு மங்கல் வெளுப்போடு இருப்பதும், தென்னை, பனைகளின் இருள் நமக்குப் பின்னால் நிற்பதும் தெரிந்தன. உயிரோடிருந்த குஞ்சுகளும் அதைக் கண்டுகொண்டன என்றே சொல்ல வேண்டும். சுவரை முட்டிக்கொண்டிருந்தவற்றில் தெம்பு மிச்சமிருந்தவை சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பின. வனக்காப்பாளருக்குத் தகவல் சொல்லி, அவர் வந்து, ஈரமணல் போட்ட வாளியில் சோர்ந்தவற்றைச் சேர்த்து அலையருகே கொண்டுபோய் விட்டார். விடிந்தபின் எண்ணிப் பார்த்தபோது 31 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. நாயும் காகமும் தூக்கிப்போனவை அந்தக் கணக்கில் இல்லை.

அன்றிலிருந்து இதைப்பற்றிப் படிப்பதும் கேட்பதும் என் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. நம் கடலில் ஐந்து வகை ஆமைகள் பதிவாகியுள்ளன: பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை. இவற்றுள் தமிழ்நாட்டுக் கரையில் பரவலாக முட்டையிடுவது பங்குனி ஆமை. தை, மாசி, பங்குனி மாதங்களின் இரவுகளில் தாய் கரையேறி, அலை எட்டாத மேட்டில் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குப் பின்துடுப்புகளால் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அடப்பங்கொடி என்று நாம் சொல்லும் அடும்புக் கொடியைக் கலைத்து ஆமை முட்டை புதைக்கும் காட்சி நெய்தல் நிலத்துப் பழம்பாடல்களிலேயே வருவதால், இது இந்தக் கரைக்குப் புதிய விருந்தாளி இல்லை. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் பொரிந்து, மணலுக்கு அடியிலேயே ஒன்றையொன்று நெம்பி மேலேறி, மேல்மணல் குளிரும்வரை காத்திருக்கும். மணல் குளிர்ந்தால் இரவு வந்துவிட்டது என்று பொருள். பிறகு எல்லாம் கூட்டமாகக் கொப்பளித்து வெளியே வரும்.

வெளியே வந்த குஞ்சுக்கு வழி சொல்லத் தாய் இல்லை. அது தன் கண்ணை மட்டும் நம்புகிறது. தாழ்ந்த அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளுத்துத் தெரிகிறதோ அந்தப் பக்கம் போ, உயர்ந்த இருள் நிற்கும் பக்கத்தை விட்டு விலகு என்பதே அதற்குப் பிறவியிலேயே கிடைத்த அறிவு. மனிதன் விளக்கேற்றத் தொடங்குவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்பிருந்தே இந்த அறிவு பிசகாமல் வேலை செய்திருக்கிறது. வானத்தின் ஒளியைக் கடல் வாங்கித் திருப்பிக் கொடுப்பதால் கடல்பக்கம் எப்போதும் சற்று வெளுப்பாக இருக்கும். மணல்மேடும் இராவணன் மீசைப்புல்லும் பனைக்கூட்டமும் சேர்ந்து கரைப்பக்கத்தை இருட்டாக வைத்திருக்கும். குஞ்சின் பார்வை பக்கவாட்டில் மிக அகலமானது, மேல்கீழாகக் குறுகியது. ஆகையால் உச்சியில் நிற்கும் நிலா அதன் வழியைக் கெடுப்பதில்லை. தாழ்வாக, அருகில், ஒரே திசையிலிருந்து எரியும் விளக்குதான் கெடுக்கிறது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலவொளி எல்லாப் பக்கமும் பரவுவதால் விளக்கின் இழுப்பு சற்றுக் குறையும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில்தான் சேதம் கூடுகிறது. அந்தப் பங்குனி இரவும் தேய்பிறையின் கடைசி நாட்களில் ஒன்று.

வழி தவறிய குஞ்சு கடைசியில் கடலைச் சேர்ந்துவிட்டால் பிழைத்துவிடும் என்று நானும் நினைத்தேன். அதன் வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. கரையோரத்தில் மீன்களும் பறவைகளும் மிகுதி என்பதால், அலையில் இறங்கியதும் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நிற்காமல் நீந்தி ஆழ்கடலை அடைவதற்கு அந்தக் கட்டுச்சோறு வேண்டும். தண்ணீரில் இறங்கிய பின் எதிரே வரும் அலையை வைத்துத் திசை பிடிக்கும், அதற்கு அப்பால் பூமியின் காந்தப்புலம் உதவுகிறது. ஆனால் விளக்கைச் சுற்றி மூன்று மணி நேரம் ஊர்ந்த குஞ்சு, உடம்பின் ஈரத்தையும் வலுவையும் மணலிலேயே செலவழித்துவிட்டுத்தான் கடலுக்குள் இறங்குகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்படிப்பட்ட கணக்கில் ஒரு கூட்டையே ஒரு விளக்கு தின்றுவிடுவது சிறிய இழப்பில்லை.

விளக்கின் நிறத்தைப்பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது, ஏனென்றால் அது என் தொழிலுக்குள் இருக்கும் விஷயம். கடலாமையின் கண் புறஊதாவை ஒட்டிய ஒளிக்கும், ஊதா, நீலம், பச்சைக்கும் மிகுந்த கூர்மை உடையது. சிவப்புப் பக்கம் போகப்போக அந்தக் கூர்மை குறைந்துவிடும். நாம் வெள்ளை என்று வாங்கும் எல்.இ.டி. உண்மையில் ஒரு நீலச் சில்லு. அதன்மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசித்தான் வெள்ளையாகக் காட்டுகிறார்கள். நான் மாட்டியது நீலம் மிகுந்த 6500 கெல்வின் கூல் டே லைட். குஞ்சின் கண்ணுக்கு எது மிகக் கூர்மையாகத் தெரியுமோ, அதையே அள்ளி வீசும் விளக்கு. தெருக்களில் முன்பு எரிந்த ஆரஞ்சு நிற சோடியம் விளக்குகளும் ஆமைக்கு நல்லவை இல்லை, ஆனாலும் அவற்றின் கேடு குறைவு. 2015 ஜனவரியில் தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் தேசியத் திட்டம் தொடங்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அந்த மாற்றத்தை ஒரு மின்பணியாளனாக நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். கரையோரத்துக்கு மட்டும் வேறு நிறம் வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விடுதி உரிமையாளரிடம் பேசியது எளிதாக இருக்கவில்லை. முதலில், விருந்தினர்கள் அலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார். அடுத்து, இருட்டாக இருந்தால் திருட்டுப் பயம் என்றார். இரண்டும் நியாயமான கவலைகள். அன்று இரவே அவரை மாடிக்கு அழைத்துப்போய், எல்லா விளக்கையும் அணைத்து, இருபது நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னேன். நம் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். பதினைந்தாவது நிமிடத்தில் அவரே, மூன்று நான்கு அலை வரிசைகள் தூரம்வரை தெரிகின்றன என்றார். ஃபோகஸ் லைட் எரிந்தபோது முதல் நுரைக்கு அப்பால் கருஞ்சுவர்தான் இருந்தது. பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, காவலாளியை வாசலில் நிறுத்தி, சுற்றுச்சுவருக்கு வெளியே மணலில் நான் போய் நின்றேன். கண் கூசிய காவலாளிக்கு, வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டில் நின்ற என்னைத் தெரியவில்லை. எதிரே நின்று கண்ணில் அடிக்கும் விளக்கு காவலுக்கு உதவாது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஒப்புக்கொண்டார். மாடியில் இருந்த இரண்டையும் கழற்றினேன். நடைபாதைக்கு முழங்கால் உயரத்தில், தலைமூடி உள்ள கம்ப விளக்குகள் பதித்தேன். வெளிச்சம் தரையில் மட்டும் விழும், பக்கவாட்டில் பல்பு தெரியாது. அவற்றில் ஆம்பர் என்ற செம்மஞ்சள் நிற எல்.இ.டி. போட்டேன். ஏறக்குறைய 590 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிவது அது. இராமநாதபுரம் கடைகளில் கிடைக்காமல் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. வெள்ளை பல்புக்கே மஞ்சள் தாள் சுற்றினால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். உப்புக்காற்றில் அது ஒரு மாதம் தாங்காது, நீலத்தை முழுதாகத் தடுக்கவும் செய்யாது. பின்வாசலுக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும் மோஷன் சென்சார் வைத்தேன். கடலைப் பார்த்த அறைகளுக்குக் கனமான திரை போட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியே கசியும் அறை வெளிச்சமும் குஞ்சுக்கு விளக்குதான். ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. விளக்குகள் எல்லாம் சரியான பின்னும் சுற்றுச்சுவர் மங்கலாக ஒளிர்ந்தது. புத்தம்புது வெள்ளைச் சுண்ணாம்பு, விழுந்த சிறு வெளிச்சத்தையும் கடற்கரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. சுவரின் கடல்பக்கத்தை மண் நிறத்தில் பூசியபின்தான் அடங்கியது.

இப்போது கரையோரத்தில் எந்த வேலையை ஒப்புக்கொண்டாலும் முதலில் ஒரு சோதனை செய்கிறேன். இருட்டியதும், உயர்ந்த அலை வந்து நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, மணலில் குப்புறப் படுத்து, தாடையை மணலில் வைத்து ஊர்ப்பக்கம் பார்க்கிறேன். எந்த பல்பின் ஒளிரும் பகுதி நேரடியாகக் கண்ணில் படுகிறதோ, அந்த பல்பு குஞ்சின் கண்ணிலும் படும். பிறகு எழுந்து நின்று, மணலில் என் நிழல் விழுகிறதா என்று பார்க்கிறேன். நிலா இல்லாத இரவில் நிழல் விழுந்தால் எங்கோ ஒரு விளக்கு மிகுதியாக எரிகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நின்றுகொண்டு பார்ப்பதற்கும் படுத்துப் பார்ப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடப்பங்கொடி படர்ந்த இரண்டடி மணல்மேடு, நின்றவன் கண்ணுக்கு ஒன்றுமில்லை. படுத்தவனுக்கு அது ஒரு மலை, அதன் பின்னால் பாதி ஊர் மறைந்துவிடுகிறது. விடுதி கட்டுபவர்கள் முதல் வேலையாக அந்த மேட்டைத்தான் பொக்லைன் வைத்துத் தட்டையாக்குகிறார்கள்.

மீனவர்களை இந்தப் பேச்சில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். இரவு இரண்டு மணிக்கு நாட்டுப்படகு இறக்குபவருக்கும், வலையிலிருந்து நண்டு கழிக்கும் பெண்களுக்கும் வெளிச்சம் வேண்டும். அவர்கள் ஊரில் நிற்கும் உயர்கோபுர மின்விளக்கைப் பிடுங்கச் சொல்வது அநீதி. அந்த விளக்குக்குத் தகரத்தில் ஒரு மறைப்பு போட்டு, வெளிச்சம் இறங்குதளத்தில் மட்டும் விழச் செய்வதற்கு ஒரு நாள் வேலைதான் ஆகும். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் கட்டும் சீரியல் செட்டுகள் சில நாட்களில் இறங்கிவிடும். எனக்கு வருத்தமாக இருப்பது, ஆண்டு முழுவதும், ஆளில்லாத மணலின்மேல், அழகுக்காக மட்டும் விடிய விடிய எரியும் விளக்குகள்தான்.

முட்டைகளைத்தான் வனத்துறை எடுத்துப் பாதுகாக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்தில் பருவந்தோறும் பொரிப்பகம் அமைத்து, இரவெல்லாம் கரையில் நடந்து முட்டை சேகரித்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அந்த உழைப்பை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த நீண்ட கரையின் ஒவ்வொரு கூடும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. விடுதியின் முன்னால் பொரிந்ததும் அப்படித் தப்பிய கூடுதான். அதோடு, வெளிச்சமான கரையில் தாய் ஆமை ஏறவே தயங்கும், சில வேளை ஏறிவிட்டு முட்டையிடாமலே திரும்பிவிடும். இடாத முட்டையைப் பொரிப்பகம் காப்பாற்ற முடியாது.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு நீண்ட காலம் மின்கம்பமே இல்லாமல் கிடந்த தனுஷ்கோடிக் கரையில், இரவின் இருட்டு இன்றும் பெருமளவு மிஞ்சியிருக்கிறது. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறந்தபின் பகலில் கூட்டம் வருகிறது, மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நடைமுறை சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்பை எண்ணி வந்திருக்கலாம். ஆமைக்கும் அது பெரிய உதவி. அங்கே விளக்குக் கம்பம் நடும் யோசனை என்றைக்காவது வந்தால், நடுவதற்கு முன்பே விளக்கின் உயரத்தையும் நிறத்தையும் மறைப்பையும் பேசிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முடியாத காரியம் என்பவர்களுக்கு நம் ஊர்க்காரர் பெயரில் உள்ள ஒரு தீவைச் சொல்வேன். ஒடிசாக் கரையில் ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கும் வீலர் தீவு, 2015இல் அப்துல் கலாம் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் அருகில்தான், பங்குனி ஆமைகள் இலட்சக்கணக்கில் ஒன்றாகக் கரையேறும் கஹிர்மாதா இருக்கிறது. தளத்தின் விளக்குகள் குஞ்சுகளைக் குழப்புகின்றன என்று ஆய்வாளர்கள் சொன்னபின், பருவத்தில் அவற்றை மறைத்தும் குறைத்தும் எரிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. நாட்டின் ஏவுகணைத் தளம் செய்ததை இருபது அறை விடுதி செய்ய முடியும். அதே ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில், நெடுஞ்சாலை, ஊர் வெளிச்சத்தை நோக்கி ஊரும் குஞ்சுகளை வலைத் தடுப்பு கட்டி மறித்து, இரவெல்லாம் வாளியில் அள்ளிக் கடலில் விடுகிறார்கள் ஊர்மக்கள்.

கரையில் குஞ்சுகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். கைப்பேசியின் டார்ச்சை அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் கையில் பிடித்திருக்கும் வெளிச்சமும் அவற்றுக்கு ஒரு கடல்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகள் முதல் அட்டவணையில் இருப்பதால், எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். அருகில் எரியும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

சென்ற பங்குனியில் அந்த அக்கா மறுபடியும் விடியற்காலையில் கூப்பிட்டார். நெஞ்சு திக்கென்றது. அவர் சுவரடிக்குப் போகச் சொல்லவில்லை, நேராக மணலுக்கு வா என்றார். அதே அடப்பங்கொடி மேட்டுக்குச் சற்றுக் கிழக்கே புதிய பள்ளம் ஒன்று இருந்தது. தடங்கள் அதிலிருந்து விசிறியாக விரிந்து, ஈரமணலில் இறங்கி, அலை அழித்த கோட்டில் முடிந்திருந்தன. ஒரே ஒரு தடம் மட்டும் சுவர்ப்பக்கம் நாலடி வந்து, நின்று, திரும்பியிருந்தது. அது ஏன் வந்தது என்று தேடினேன். மேல்தளத்து அறை ஒன்றில் யாரோ திரையை இழுத்துவிடாமல் படுத்திருந்தார்கள். நாளை மறுநாள் மண்டபம் ஊரில் ஒரு புதிய விடுதிக்கு அளவெடுக்கப் போகிறேன். அவர்களும் கடல்பக்கம் ஃபோகஸ் லைட்தான் கேட்கிறார்கள். இருட்டியபின் வருகிறேன், மாடியில் எல்லா விளக்கையும் அணைத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.